லிஃப்ட்டுக்குள்ள இழுத்து விட்டா பயம் போயிடாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பயத்தப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். எதப் பாத்து பயமோ அதுல ஒரு தடவ துணிஞ்சு இறங்கிட்டா சரியாப் போயிடும்னு போட்டிருந்தீங்க. கிணத்துல தள்ளிவிட்டு நீச்சல் கத்துக்குடுக்குற கதைதான் இது, அப்படி தள்ளிவிடப்பட்ட ஆளுங்கிறதால எழுதுறேன்.

நான் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், வயசு 66. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அபார்ட்மென்ட் லிஃப்ட்ல கரண்ட் போயி, ஜெனரேட்டரும் ஸ்டார்ட் ஆகாம, இருட்டுல 20 நிமிஷம் மாட்டிக்கிட்டேன். அப்புறம் லிஃப்ட்ட பாத்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்கும். பொண்ணு வீடு ஏழாவது மாடி, மூட்டு வலிய வச்சிக்கிட்டு படியேறுவேன், கேட்டா நடந்தா சுகருக்கு நல்லதுன்னு ஒரு சாக்கு. ஒருநாள் மாப்பிள்ளை நல்ல மனசோடதான் கையப் புடிச்சி உள்ள இழுத்து பட்டன அமுக்கிட்டாரு, நாலாவது மாடியில கத்தி கதவத் திறக்க வச்சி ஓடிவந்தேன். அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பக்கூட முடியல.

கடைசியில அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். அங்க இருந்த சைக்காலஜிஸ்ட் அம்மா சொன்னது, ஓடி வெளிய வந்ததும் அப்பாடான்னு இருக்குல்ல சார், அந்த அப்பாடாதான் பயத்துக்குத் தீனி. ஒரேயடியா உள்ள நிக்க வைக்கிற முறையும் இருக்காம், ஆனா அதுக்கு நம்ம சம்மதம் வேணும், பக்கத்துல தெரிஞ்சவங்க இருக்கணும், பயம் இறங்குற வரைக்கும் நிக்கணும். இழுத்துட்டுப் போறது அதுல சேராது.

மொத ரெண்டு வாரம் லிஃப்ட் பேச்சே இல்ல. கால் விரல்ல ஆரம்பிச்சி முகம் வரைக்கும் ஒவ்வொரு தசையா இறுக்கிப் புடிச்சி அப்புறம் தளர விடுறது, அவ்ளோதான், ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் கொண்டுவந்தது. அப்புறம் பயத்த எல்லாம் லிஸ்ட் போட்டு 0-லேர்ந்து 100 வரைக்கும் மார்க் போடச் சொன்னாங்க. தூரத்துல சேர் போட்டு லிஃப்ட்ட பாக்குறது 20, கதவு திறந்தபடியே உள்ள நிக்கிறது 45, ஒரு மாடி போறது 70, தனியா ஏழு மாடின்னா 100. மார்க் நல்லா இறங்குனாதான் அடுத்த படி. பேத்திதான் கூட வருவா, "தாத்தா இப்ப எத்தன மார்க்?"னு வாட்ச்மேன் முன்னாடியே கத்துவா, மானம் போகும். நடுவுல ஒருநாள் லைட் ஒரு செகண்ட் மினுக்குச்சி, திரும்ப 45-க்கே போயிட்டேன், பரவால்ல அங்கேர்ந்தே ஏறுங்கன்னாங்க.

இது ஒண்ணும் புது சரக்கு இல்லீங்க. 1924-லயே மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மா, முயலுக்குப் பயந்த பீட்டர்ங்கிற பொடியன் சாப்பிடும்போது கூண்டோட முயல தள்ளி வச்சி, கொஞ்சம் கொஞ்சமா கிட்ட கொண்டுவந்து பயத்தப் போக்கியிருக்காங்க. தென்னாப்பிரிக்கா டாக்டர் ஜோசஃப் வோல்பி இதோட தசைத் தளர்வையும் சேத்து முறையாக்கி 1958-ல புத்தகமா எழுதினாரு. இப்போ ரிலாக்சேஷன் இல்லாமலும் படிப்படியா பழக்குறாங்களாம், எனக்கு என்னவோ அது இல்லாம மொத படியே ஏறியிருக்க முடியாது.

கட்டுரையில விட்டுப்போன இன்னொண்ணு முக்கியம். என் வீட்டம்மா ஊசியப் பாத்தா மயங்கி விழுவாங்க. நான் பெரிய டாக்டராட்டம் உடம்ப தளர விடுன்னு சொல்லிக்குடுத்தேன், சைக்காலஜிஸ்ட் என்னைய நல்லா திட்டிட்டாங்க. ரத்தம் ஊசி பாத்து மயங்குறவங்களுக்கு பிரஷர் இறங்கித்தான் மயக்கம் வருது, அவங்க தளர விடக்கூடாது, கை கால் தசைய இறுக்கி வச்சிக்கணுமாம். இத தயவுசெஞ்சி பெரிய எழுத்துல போடுங்க, கூடவே 14416-ங்கிற டெலி மானஸ் நம்பரையும், அரசாங்கத்தோட மனநல உதவி போன் அது, ஃப்ரீதான்.

போன வாரம் தனியா ஏழாவது மாடி போனேன், 30 மார்க். இறங்கும்போது படியிலதான் வந்தேன், அது பழக்க தோஷம்.

- ஒரு வாசகர், சென்னை