உன் அம்மாவின் படி

பாலக்கோடு,
தை 20

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் பொங்கல் கழிந்த மறுநாளே வந்துவிட்டது. உன் அம்மா வீட்டுக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வரச் சொல்லியிருந்தாயே, அதை முடித்துவிட்டு எழுதலாம் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் காவேரிப்பட்டணம் போனேன். உன் அண்ணனும் அண்ணியும் திண்ணையிலேயே காத்திருந்தார்கள். வீட்டை விலை பேசி முடித்தாயிற்று, மாசிக் கடைசியில் பத்திரம் என்று அண்ணன் சொன்னார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்மேல் கோபம் வேண்டாம், சரோஜா. இந்த வயதில் அத்தனை பெரிய ஓட்டு வீட்டை அவர்கள் இருவரும் எப்படிப் பராமரிப்பார்கள்?

கூடத்தில் சாமான்களை இரண்டு குவியலாகப் போட்டிருந்தார்கள். ஒன்று எடுத்துப் போவதற்கு, மற்றொன்று எடைக்குப் போடுவதற்கு. எடைக்குப் போகும் குவியல்தான் பெரிது. உன் அம்மாவின் பித்தளைக் குண்டான், தவலை, உன் அப்பாவின் வெற்றிலைப் பெட்டி, படி, உழக்கு எல்லாம் அதில் கிடந்தன. பழைய சாமான் வாங்குகிறவர் மறுநாள் தராசோடு வருவதாக இருந்தார். ஒரு நாள் பிந்தியிருந்தால் எனக்கு உன்னிடம் சொல்ல வார்த்தை இருந்திருக்காது. உன் மகள் புது வீட்டுக்கென்று கடை கடையாகப் பழைய பாத்திரம் தேடுகிறாள் என்று எழுதியிருந்தாய் அல்லவா? அவளுடைய பாட்டி புழங்கிய பாத்திரங்கள் இங்கே எடைக்கு எடை போக இருந்தன. அண்ணனிடம் சொன்னேன், அவருக்கும் மனம் தாங்கவில்லை. "எது வேண்டுமோ எடுத்துக்கொள் அம்மா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

முதலில் படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் தாத்தா காலத்துப் படி அது. இரும்பு உடம்பு, வாயைச் சுற்றிப் பித்தளை வளையம். வளையத்தின் மேல் முத்திரை குத்திய தடங்கள் வரிசையாக இருக்கின்றன. பல தேய்ந்துவிட்டன. கண்ணுக்குத் தெரியாத சில, விரலை வைத்துத் தடவினால் தட்டுப்படுகின்றன. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிலோவும் லிட்டரும் வந்து நாம் பள்ளிக்கூடத்தில் அவற்றைப் படித்தோம். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா வேறு கணக்கைச் சொல்லச் சொல்வார். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. தப்பாகச் சொன்னால் வேர்க்கடலை கிடையாது. ஆழாக்கை மட்டும் காணவில்லை. அண்ணியும் நானும் பரண் வரை தேடிவிட்டோம்.

அன்று இரவே என் சாப்பாட்டு மேசையில் படியை வைத்துப் பார்த்தேன். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசை ஏது? மணையைப் போட்டு உட்கார்ந்தால் அதுதான் பந்தி. இப்போது முழங்கால் மடங்க மறுப்பதால் மேசைக்கு வந்திருக்கிறோம். ஆனால் மணையை நான் விடவில்லை. மேசை நடுவில் அதைப் போட்டு, அதன்மேல் படியை வைத்து, புது ராகியைத் தலைதட்டாமல் கோபுரமாக நிரப்பினேன். அதில் ஐந்தாறு ராகிக் கதிர்களையும் ஒரு பிடி பூளைப்பூவையும் செருகினேன். தானியமே தண்டுகளைப் பிடித்துக்கொண்டது, தண்ணீர் வேண்டியதில்லை. பொங்கல் காப்புக் கட்டக் கொண்டு வந்ததில் ஆவாரம்பூ இரண்டே நாளில் வதங்கிவிட்டது. பூளை மட்டும் பஞ்சு போல அப்படியே நிற்கிறது. காய்ந்த பிறகும் அதன் வெண்மை போகாது. உழக்கின் உள்ளே ஒரு சிறு கண்ணாடி டம்ளரை இறக்கி, அதில் தண்ணீர் ஊற்றிச் சாமந்தி வைத்தேன். இரும்பில் நேராகத் தண்ணீர் ஊற்றினால் துரு பிடித்துவிடும், உன் மகளிடம் இதை மறக்காமல் சொல்.

விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தபோது என் வீட்டுக்காரர், "இது யார் வீட்டுக் கல்யாணப் படி?" என்று கேட்டார். முகூர்த்த மேடையில் வைக்கும் நிறைபடி அவருக்கு நினைவு வந்துவிட்டது. அதன் பிறகு வெகுநேரம் உன் அம்மாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

குண்டானுக்குள் ஈயம் முழுக்கப் போய்விட்டது. அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அந்த நிலையில் அதில் சமைக்கக் கூடாது. புளி சேர்த்த குழம்பு என்றால் நிச்சயமாகக் கூடாது. நல்ல வேளையாக எங்கள் தெருவுக்கு ஈயம் பூசுகிறவர் இன்னும் வருகிறார். வாசலில் குழி வெட்டிக் கரி மூட்டி, துருத்தியால் ஊதி, குண்டானை அதன்மேல் திருப்பித் திருப்பிக் காய்ச்சினார். உள்ளே நவச்சாரத் தூளைத் தூவியதும் வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பியது. ஈயக் கம்பியை ஓர் இழுப்பு இழுத்துப் பஞ்சால் சுற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பு போன வழியெல்லாம் கறுத்த பித்தளை வெள்ளி போலப் பளிச்சிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த ஒரு நொடியை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. மறுநாள் அதில் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்தேன். அவரை இப்போதுதான் முற்றி வருகிறது. களியும் குழம்புமாக, குண்டானை அப்படியே மேசைக்குக் கொண்டுவந்து வைத்தேன். நம் அம்மாக்கள் புழங்கிய பாத்திரத்தைக் கண்ணாடி அலமாரியில் பூட்டுவதில் எனக்குச் சம்மதம் இல்லை, சரோஜா. ஏதாவது ஒரு வேலை கொடுத்தால்தான் அது வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

கல்சட்டி ஒன்றும் கிடைத்தது. பக்கவாட்டில் விரிசல் ஓடியிருப்பதால் அடுப்பில் ஏற்ற முடியாது. இப்போது என் ஜன்னல் ஓரத்தில் எலுமிச்சம்பழமும் பூண்டும் அதில் இருக்கின்றன. கறுப்புக் கல்லில் மஞ்சளும் வெள்ளையும் எவ்வளவு எடுப்பாக இருக்கின்றன தெரியுமா? மர அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பார். சீரகமும் மிளகும் மரத்தோடு ஊறிப்போய், உன் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். அதற்கு வார்னிஷ் அடிக்க வேண்டாம், அந்த வாசனை போய்விடும்.

ராகிக்கல்லைச் சென்னை மாடி வீட்டுக்கு ஏற்ற முடியாது. அது என் திண்ணைக்கு வந்துவிட்டது. மேல்கல்லில் உள்ள மரப்பிடியை மட்டும் நீ வரும்போது கழற்றித் தருகிறேன். அது ஒரு பக்கம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. உன் அம்மா எப்போதும் சுவரில் சாய்ந்து, இடது காலை நீட்டி, வலது கையால் சுற்றுவார். அந்தப் பள்ளத்தில் என் உள்ளங்கையை வைத்தேன், பொருந்தவில்லை. அவருக்குச் சிறிய கை. உனக்கும் அதே கைதான், உனக்குப் பொருந்தும்.

மேசையில் அலங்காரமாக எதை எப்போது வைப்பது என்று உன் மகள் கேட்டாளாமே. மாதம் எதைக் கொடுக்கிறதோ அதை வைத்தால் போதும். இங்கே இப்போது மாமரமெல்லாம் பூத்து நிற்கிறது. பூங்கொத்தை ஒடித்தால் காய் போய்விடும், ஆகவே காற்றில் முறிந்து விழுந்ததை மட்டும் எடுத்து வருகிறேன். இனிப் புளி உலுக்கும் நாள் வரும். சித்திரையில் கொன்றை மஞ்சளாகத் தொங்கும், வேப்பம்பூ உதிரும். அதற்குப் பிறகுதான் நம் பக்கத்தின் உண்மையான அலங்காரம். ஒரு முறத்தில் வைக்கோலைப் பரப்பி, பெங்களூரா மாங்காயைக் கிளிமூக்கு வெளியே தெரியும்படி வட்டமாக அடுக்கி மேசையில் வைத்துவிடு. முதல் நாள் பச்சை, மூன்றாம் நாள் காம்படியில் மஞ்சள், ஐந்தாம் நாள் வாசல் வரை மணம். பிறகு வருகிறவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துத் தின்றுவிடுவார்கள், முறம்தான் மிஞ்சும். ஓசூர் ரோஜா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது பூக்கடையில் எல்லா மாதமும் ஒரே மாதிரி நிற்கிறது. மேசையைப் பார்த்தால் இது என்ன மாதம் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மனதை உறுத்திய ஒரு விஷயமும் அங்கே நடந்தது. உங்கள் மாந்தோப்பு வரப்பில் வில்லோடு ஓர் ஆள் நிற்கும் சிறிய கல் இருக்கிறதே, நாம் வேடியப்பன் என்று கும்பிட்டு நெல்லிக்காய் வைப்போமே, அதை ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார். பெங்களூரில் யாரோ பண்ணை வீட்டுத் தோட்டத்தில் அலங்காரமாக நிறுத்தப் போகிறார்களாம். கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. மாணவிகளை அழைத்துக்கொண்டு தருமபுரி அகழ்வைப்பகத்துக்குப் போனோமே, அங்கே வரிசையாக நின்ற நடுகற்கள் நினைவிருக்கிறதா? ஊர் ஆநிரையை மீட்கப் போய் விழுந்தவர்களுக்கு நட்டவை. பல்லவர் காலத்து வட்டெழுத்து பொறித்த கற்களெல்லாம் நம் பக்கத்தில் கிடைத்திருக்கின்றன. உங்கள் தோப்புக் கல்லில் எழுத்து இல்லை, ஆனாலும் அது ஒருவனின் நினைவுக்கல்தானே. அண்ணனிடம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பங்களை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்வது குற்றம். அவருக்கு அது தெரியாது. கேட்டதும் பதறிப்போய், கிராம நிர்வாக அலுவலரிடம் நேரிலேயே போய்த் தகவல் சொல்லிவிட்டு வந்தார். வீடு வாங்குகிறவரும் நல்ல மனிதர், கல் நிற்கும் இடத்தைத் தொட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். உன் மகள் எந்தக் கடையில் எதை வாங்கினாலும், கல்லோ பஞ்சலோகமோ, கோயிலில் இருந்தது போலத் தோன்றும் எதையும் தொட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். குண்டானும் படியும் நமக்குப் போதும்.

கடைசியாக உன் அம்மாவின் காமாட்சி விளக்கு. அதைத் தேய்க்காமல் அப்படியே வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் என் அம்மாவின் குத்துவிளக்கை மெருகு போட ஒரு கடையில் கொடுத்தேன். அமிலத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது அல்லவா, கடும் அமிலம் மேலே இருக்கும் துத்தநாகத்தைத் தின்றுவிட, விளக்கு இளஞ்சிவப்பாகத் திரும்பி வந்தது. அன்று நான் அழுதேன். இன்றுவரை அதன் பழைய நிறம் முழுமையாகத் திரும்பவில்லை. நீ உன் கையால் புளியும் கொஞ்சம் உப்பும் போட்டு மெதுவாகத் தேய். உடனே அலசி, ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவு. மேடுகள் மின்னினால் போதும். பின்பக்கத்துக் குழிகளில் நிற்கும் கறுப்பைச் சுரண்டாதே, அது உன் அம்மா ஏற்றிய விளக்குப் புகை.

மாசி மகத்துக்கு முன்பே வந்துவிடு. பத்திரம் முடிவதற்குள் அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு மாலை நாம் இருவரும் உட்கார வேண்டும் என்று அண்ணன் ஆசைப்படுகிறார். விளக்கை என் பழைய சுங்குடிப் புடவையில் சுற்றி அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். படியில் இருந்த ராகியைக் குருவிகள் கண்டுபிடித்துவிட்டன. நேற்று ஜன்னல் வழியாக உள்ளே வந்து பாதிக் கதிரைக் கொத்திவிட்டன, நான் விரட்டவில்லை. நீ வருவதற்குள் வேறு கதிர் செருகி வைக்கிறேன். ஆழாக்கு எங்கே போனது என்று உனக்கு ஏதாவது நினைவு இருந்தால் எழுது.

உன் அன்புத் தோழி,
வசந்தா