ஊதியவர் பெயரையும் போடுங்கள்

தியானத்துக்கும் தூக்கத்துக்கும் ஆம்பியன்ட் இசை அமைக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் தூக்கம் வராமல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு மணிநேர டிஜெரிடூ தொகுப்பைக் கேட்டேன். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஊதும் நீண்ட மரக்குழல்தான் டிஜெரிடூ. பத்து நிமிடத்தில் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. ஊதுபவர் மூக்கால் மூச்சை இழுக்கும் சின்னச் சத்தம், எட்டு நொடிக்கு ஒருமுறை, கொஞ்சம்கூட மாறாமல் வந்துகொண்டே இருந்தது. எட்டு நொடித் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஒட்டி ஒரு மணிநேரமாக்கியிருக்கிறார்கள். ஊதியது யார் என்று தேடினேன், பெயரே இல்லை. 'பழங்குடி ஒலி' என்று மட்டும் போட்டிருந்தது.

கன்னத்தில் காற்றைத் தேக்கி, அதை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் உள்ளிழுக்கப் பழகிய ஒருவருடைய மூச்சு அது. அவருக்கு ஒரு பெயர் இருக்கும்.

கருவிக்கும் சொந்தப் பெயர் உண்டு. ஆஸ்திரேலியாவின் வடக்கே, ஆர்னெம் லேண்டின் கிழக்குப் பகுதியில் வாழும் யோல்ங்கு மக்கள் அதை யிடாகி என்கிறார்கள். மேற்கே போனால் மாகோ. டிஜெரிடூ என்பது வெளியார் தங்கள் காதில் விழுந்த சத்தத்தை வைத்துச் சொன்ன பெயர். கரையான் உள்ளே அரித்துக் குழாயாக்கிய யூகலிப்டஸ் மரத்தைத் தட்டிப் பார்த்து, சத்தம் சரியாக இருந்தால்தான் வெட்டுவார்கள். வாய் வைக்கும் விளிம்பில் தேன்மெழுகு பூசுவார்கள்.

நீங்கள் அதைத் தம்பூரா மாதிரி பின்னால் நிறுத்திவிட்டீர்கள். யோல்ங்கு மக்களின் மணிகாய் பாடல்களைக் கேட்டுப் பாருங்கள். பாடுபவர் பில்மா கட்டைகளைத் தட்ட, யிடாகி ஊதுபவரின் நாக்கு தாளத்தை வெட்டி வெட்டிப் பேசும். நடுவில் எக்காளம் போல ஒரு உயர் சுரம் பீறிட்டு அடங்கும். மேற்கே மாகோ வாசிப்பில் அந்த உயர் சுரம் வராது. ஊருக்கு ஊர் வாசிப்பு அவ்வளவு வேறு. உங்கள் தொகுப்புகளில் நாக்கின் வேலை மொத்தமும் போய், ரீங்காரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எனக்கு அது பெரிய இழப்பு.

ஆம்பியன்டில் இந்தக் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்க ஆம்பியன்ட் இசைக்கலைஞர் ஸ்டீவ் ரோச் 1990-ல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆல்பத்தில், டிஜெரிடூ ஊதிய டேவிட் ஹட்சனின் பெயரும் ரோச்சின் பெயரோடு சேர்ந்தே இருக்கிறது. ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலைஞர் வில்லியம் பார்ட்டன் சிம்பொனி இசைக்குழுவுக்கு முன்னால் உட்கார்ந்து தனி வாத்தியமாகவே ஊதுகிறார். வழி இருக்கிறது.

இந்தோனேசியாவில் செய்த டிஜெரிடூக்களையும் பூமராங்குகளையும் பழங்குடியினர் கைவேலை போலக் காட்டி விற்ற ஒரு நிறுவனத்துக்கு, ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2019-ல் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. கடையில் விற்கும் மரத்துக்கு அப்படிக் கேட்க ஆள் இருக்கிறது. ஒலித் துண்டுக்கு நீங்கள்தான் கேட்க வேண்டும்: இதை ஊதியது யார், எந்த ஊர்க்காரர், பணம் கொடுத்தார்களா, இப்படிப் பயன்படுத்த அவருக்குச் சம்மதமா? பதில் கிடைக்காவிட்டால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள். கிடைத்தால் ஆல்பத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அவர் பெயரையும் போடுங்கள். அப்புறம், முடிந்தால் அவரையே கூப்பிட்டு ஒரு மணிநேரம் ஊதச் சொல்லுங்கள். நான் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இசையை இரவில் கேட்கும் ஒருவன்