அந்த அரை வாக்கியத்தை நீக்குங்கள்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பிளேஆஃப் தேர்வுக்குழுவினருக்கும், அதன் விதிகளை வகுக்கும் மேலாண்மைக் குழுவினருக்கும்,

வணக்கம்.

தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றில் எந்த அணிகள் ஆடும் என்று தீர்மானிக்கும் உங்கள் தேர்வு விதிகளில் ஓர் அரை வாக்கியத்தை நீக்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன். முக்கியமான ஆட்டக்காரரோ பயிற்சியாளரோ இல்லாமல் போனால் அதையும் கருத்தில் கொள்ளலாம் என்கிறது அந்த விதி. அவர் இல்லாததால் சீசனில் அணியின் ஆட்டம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அதன் முதல் பாதி. சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களிலும் பாதிக்கப்படக்கூடும் என்பது மறு பாதி. முதல் பாதியோடு எனக்குச் சண்டையில்லை. முதன்மை ஆட்டக்காரர் இல்லாத நாளில் ஓர் அணி தோற்றிருந்தால், அந்தத் தோல்வியைச் சற்றுக் கனிவோடு பார்ப்பதுதான் நியாயம். மறு பாதியோ இன்னும் ஆடப்படாத ஆட்டத்துக்கு முடிவு சொல்கிறது. 2023ஆம் ஆண்டு ஃபுளோரிடா ஸ்டேட் அணியின் சீசனை விழுங்கியது அதுதான்.

இது திறந்த மடல் என்பதால், அந்த ஆண்டைப் பின்தொடராத வாசகர்களுக்காகவும் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தலஹாசியிலிருந்து வந்த அந்த அணி முதல் ஆட்டத்தில் எல்எஸ்யூவை (லூசியானா ஸ்டேட்) 45–24 என்று வீழ்த்தியது. செப்டம்பர் 23 அன்று கிளெம்சனின் சொந்த மைதானத்தில் ஆடியது. அதற்கு முன் தொடர்ந்து ஏழு முறை கிளெம்சனிடம் தோற்றிருந்த அணி அது. நான்காம் கால்பகுதியில் ஏழு புள்ளி பின்தங்கியிருந்தபோது, தற்காப்பு ஆட்டக்காரரான லைன்பேக்கர் கேலன் டிலோச், எதிரணிக் குவாட்டர்பேக்கை (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவரை) மடக்கி, நழுவிய பந்தை அள்ளிக்கொண்டு 56 கெஜம் ஓடி டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) அடித்தார். ஆட்டம் சமனானது. கூடுதல் நேரத்தில் 31–24 என்று வென்றார்கள். முதன்மைக் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் களத்தில் இருந்த நாள் அது. அன்றுகூட ஆட்டத்தைத் தோல்வியிலிருந்து மீட்டது தற்காப்பு அணிதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நவம்பர் 18 அன்று நார்த் அலபாமாவுக்கு எதிரான ஆட்டத்தில் டிராவிஸின் கால் முறிந்தது. ஒரு கட்டத்தில் 0–13 என்று பின்தங்கியிருந்த அணி, அடுத்து 58 புள்ளிகளை இடைவிடாமல் குவித்து வென்றது. ஒரு வாரம் கழித்து, மாற்று குவாட்டர்பேக் டேட் ரோடமேக்கருடன் கெயின்ஸ்வில்லுக்குப் போய், பரம எதிரியான ஃபுளோரிடாவை 24–15 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ரோடமேக்கருக்குத் தலையில் அடிபட்டது. எனவே டிசம்பர் 2 அன்று சார்லட்டில் நடந்த ஏசிசி (ஃபுளோரிடா ஸ்டேட் ஆடிய கான்ஃபரன்ஸ், அதாவது பல்கலைக்கழக அணிகளின் லீக்) இறுதியாட்டத்தில், லூயிவில் அணிக்கு எதிராக முதலாமாண்டு மாணவர் பிராக் கிளென் இறங்கினார். மூன்றாவது குவாட்டர்பேக், கல்லூரி அளவில் அவர் தொடங்கிய முதல் ஆட்டம், எதிரே கான்ஃபரன்ஸ் பட்டம். லூயிவில் அணியால் ஒரு டச்டவுன்கூட அடிக்க முடியவில்லை. பந்தை உதைத்துப் பெறும் மூன்று புள்ளி ஃபீல்டு கோல்கள் இரண்டோடு சரி. முடிவு 16–6. பதின்மூன்று ஆட்டம், பதின்மூன்று வெற்றி.

மறுநாள் நீங்கள் அறிவித்த பிளேஆஃப் பட்டியலில் மிச்சிகன், வாஷிங்டன், டெக்சஸ், அலபாமா என்று நான்கு பெயர்கள் இருந்தன. பட்டியலுக்கு வெளியே, ஐந்தாவது இடத்தில் ஃபுளோரிடா ஸ்டேட். 2014இல் நான்கு அணிப் பிளேஆஃப் தொடங்கியதிலிருந்து, ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றின் பட்டத்தைத் தோல்வியே இல்லாமல் வென்ற எந்த அணியும் அதுவரை வெளியே நின்றதில்லை. டிராவிஸ் இல்லாத அணி, முந்தைய வாரங்களில் ஆடிய அணி அல்ல என்று அன்றைய குழுத் தலைவர் பூ காரிகன் காரணம் சொன்னார்.

உங்கள் முன் இருந்த சிக்கலை நான் சிறிதாக்கவில்லை. 29 ஆட்டங்கள் தோற்காமல் வந்த ஜார்ஜியாவை அலபாமா 27–24 என்று சாய்த்திருந்தது. அந்த அலபாமாவை அதன் சொந்த மைதானத்திலேயே டெக்சஸ் 34–24 என்று வென்றிருந்தது. ஒன்றை எடுத்தால் மற்றொன்றை விட முடியாது. பின்னர் ரோஸ் பவுல் அரையிறுதியில் மிச்சிகனை அலபாமா கூடுதல் நேரம் வரை இழுத்துச் சென்றதையும் பார்த்தேன். அது தகுதியில்லாத அணி என்று சொல்ல மாட்டேன். ஆனால் டெக்சஸும் அலபாமாவும் தலா ஓர் ஆட்டம் தோற்றிருந்தன. தோற்காத அணியைத் தள்ளிவிட்டு அவற்றை உள்ளே எடுக்க, களத்தில் நடந்த எதுவும் போதவில்லை. நடக்கப்போவதைப் பற்றிய ஓர் ஊகம் தேவைப்பட்டது. அந்த ஊகத்துக்கு இடம் கொடுத்தது விதியின் மறு பாதி.

அந்த ஊகம் எவ்வளவு நம்பத்தகுந்தது என்பதற்கு உங்கள் சொந்த வரலாறே சாட்சி. 2014இல் ஓஹாயோ ஸ்டேட் அணி சீசனுக்கு முன்பே பிராக்ஸ்டன் மில்லரை இழந்தது, கடைசி வழக்கமான ஆட்டத்தில் ஜே.டி. பேரட்டையும் இழந்தது. மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸ் தொடங்கிய முதல் ஆட்டத்தில் விஸ்கான்சினை 59–0 என்று நொறுக்கினார்கள். நீங்கள் அவர்களுக்கு நான்காம் இடம் தந்தீர்கள். அவர்கள் அலபாமாவையும் ஓரிகனையும் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். அந்த அணி அந்த ஆண்டு வர்ஜீனியா டெக்கிடம் சொந்த மண்ணில் தோற்றிருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

59–0 எங்கே, 16–6 எங்கே என்று கேட்பீர்கள். என் மனம் ஆறாத இடம் இதுதான். 59 புள்ளி அடித்தால் மாற்று ஆட்டக்காரரை நம்பலாம், எதிரணியை டச்டவுனே அடிக்கவிடாமல் தடுத்தால் நம்ப முடியாது என்பது என்ன கணக்கு? கிளெம்சனில் ஆட்டத்தை மீட்ட அதே தற்காப்புதான் சார்லட்டில் பட்டத்தை வென்றது. அதில் யாருக்கும் கால் முறியவில்லை. அணியின் பெரும்பகுதி அப்படியே இருக்க, ஒருவரின் பெயரில் மொத்த அணியையும் எடைபோட்டீர்கள். தன் கால் சீசனின் தொடக்கத்திலேயே முறிந்திருந்தால், இந்த அணி ஒரு குவாட்டர்பேக்கைவிடப் பெரியது என்பதை எல்லோரும் கண்டிருப்பார்களே என்று டிராவிஸ் அன்று எழுதினார். மன்னிப்பும் கேட்டார். இருபத்துமூன்று வயது இளைஞனை அப்படி எழுத வைத்தது எலும்பு முறிவு அல்ல, உங்கள் பட்டியல்.

பிளேஆஃபுக்கு வெளியே நடந்த ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63–3 என்று தோற்றதை வைத்து உங்கள் முடிவு சரிதான் என்போர் உண்டு. அந்த ஆட்டத்தில் ஃபுளோரிடா ஸ்டேட்டின் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இறங்கவே இல்லை. பிளேஆஃப் பறிபோன பிறகு எஞ்சியிருந்த அணி அது. அரையிறுதி கிடைத்திருந்தால் யார் களமிறங்கியிருப்பார்கள் என்பதை அந்த 63–3 சொல்லாது.

இப்போது பன்னிரண்டு அணிகள், ஐந்து கான்ஃபரன்ஸ் வெற்றியாளர்களுக்கு உறுதியான இடம், இனி இப்படி நடக்காது என்று சொல்லலாம். நடக்கும். முதல் நான்கு இடங்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு உண்டு. அடுத்த நான்குக்குச் சொந்த வளாகத்தில் ஆடும் உரிமை உண்டு. எட்டாம் இடத்துக்கும் ஒன்பதாம் இடத்துக்கும் நடுவே, கடைசியாக உள்ளே வரும் அணிக்கும் முதலாவதாக வெளியே நிற்கும் அணிக்கும் நடுவே, நவம்பர் இறுதியில் முறிந்த ஓர் எலும்பு இன்னமும் தராசில் ஏறலாம். காயத்துக்குத் தரவரிசையில் விலை உண்டு என்று தெரிந்தால், அதை மறைக்கும் ஆசையும் பயிற்சியாளர்களுக்கு வரும். பாதி குணமான மாணவனைக் களத்தில் காட்டவேண்டிய அழுத்தமும் வரும். படிக்க வந்த பிள்ளைகளின் உடம்பு இது.

விதியைத் திருத்தும் அதிகாரம் மேலாண்மைக் குழுவுக்கு உண்டு. கான்ஃபரன்ஸ் ஆணையர்களே, நோட்ரே டாம் விளையாட்டு இயக்குநரே, அடுத்த சீசனின் முதல் தரவரிசை வெளிவருமுன் அந்த மறு பாதியை நீக்குங்கள். ஆட்டக்காரர் இல்லாமல் ஏற்கெனவே ஆடிய ஆட்டங்களை எடைபோடும் முதல் பாதி அப்படியே இருக்கட்டும். தேர்வுக்குழு உறுப்பினர்களே, திருத்தம் வரும்வரை அந்த வரியைப் பயன்படுத்துவதில்லை என்று உங்களுக்குள் முடிவெடுத்து, அதை வெளிப்படையாக அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஃபுளோரிடா ஸ்டேட் அணியின் தமிழ் ரசிகன்