பில்பராவுக்குத் தேரை போகுமுன் தண்ணீரை மூடுங்கள்

மேற்கு ஆஸ்திரேலியச் சுற்றுச்சூழல் அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கரும்புத் தேரைகள் நம் மாநிலத்தின் வடக்கிலுள்ள கிம்பர்லி வட்டாரம் வழியாக, அதன் தென்மேற்கு ஓரத்திலுள்ள புரூம் நகரப் பக்கம் நகர்ந்து வருகின்றன. அடுத்து அதற்குத் தெற்கே உள்ள பில்பரா வட்டாரம்தான். அங்கே போகவிடாமல் தடுக்க வழி இருக்கிறது என்பதால்தான் இந்த மடல்.

1935-இல் கரும்பு வண்டை ஒழிக்க ஹவாயிலிருந்து குவீன்ஸ்லாந்துக்கு நூறு தேரை அளவில் கொண்டுவந்தார்கள். வண்டு பயிரின் உச்சியில் இருந்தது, தேரை தரையில் இருந்தது. வண்டு ஒழியவில்லை, தேரை பெருகியது. 2001-இல் வடக்கிலுள்ள ககாடு தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தது, 2009-இல் உங்கள் மாநில எல்லையைத் தாண்டியது.

எங்கள் தமிழ்நாட்டுத் தண்ணீர்ப் பாம்புக்குத் தேரை வழக்கமான இரை. ஆஸ்திரேலியாவுக்கென்று தேரையே கிடையாது, அதனால் அங்குள்ள பிராணிகளுக்கு இந்த நஞ்சு புதிது. உடும்பு தேரையைக் கவ்வியதும் அதன் கண்ணுக்குப் பின்னால் புடைத்திருக்கும் சுரப்பிகளிலிருந்து பால் போல நஞ்சு கசியும். அது இதயத்தைத் தாக்கும். பெரிய தேரை என்றால் ஒரு கடியே போதும். முட்டையிலும் நஞ்சு உண்டு. தேரை வந்த இடங்களில் மஞ்சள்புள்ளி உடும்புகள் பத்தில் ஒன்பதுக்கு மேல் செத்துப்போயின. பூனைக்குட்டி அளவே இருக்கும் வடக்குக் குவால் என்ற இரைதின்னிப் பிராணி, ககாடுவில் தேடினாலும் கிடைக்காத நிலைக்குப் போனது.

கிம்பர்லியில் புனுபா பழங்குடி வனக்காவலர்களும் ஆய்வாளர்களும் செத்த தேரையின் நஞ்சுப் பகுதிகளை நீக்கி, குமட்டல் மருந்து ஏற்றி, நன்னீர் முதலைகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். ஒருமுறை குமட்டிய முதலை அப்புறம் தேரையைத் தொடுவதில்லை. அருமையான வேலை. ஆனால் இதை ஒவ்வொரு உடும்புக்கும் செய்ய முடியாது.

புரூமுக்கும் பில்பராவின் கடற்கரை ஊரான போர்ட் ஹெட்லண்டுக்கும் நடுவில் மணல் பாலைவனம் கடலை ஒட்டி வருகிறது. வறட்சிக் காலத்தில் சில நாளுக்கு ஒருமுறை நனையாவிட்டால் தேரை காய்ந்து சாகும். அங்கே அதற்குக் கைகொடுப்பது மாட்டுப் பண்ணைகளில் போர்வெல் நீரைத் தேக்கும் திறந்த மண்குட்டைகள்தான். அவற்றை மூடி, தேரை ஏற முடியாத செங்குத்துச் சுவருள்ள தொட்டிகளை வைத்தால் மாட்டுக்கும் தண்ணீர் கிடைக்கும், தேரைக்கும் வழி அடைபடும். சுமார் நூறு நீர்நிலைகளில் இப்படிச் செய்தாலே 2,68,000 சதுர கிலோமீட்டர் தப்பும் என்று 2013-இலேயே ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு நிலம் அது!

தொட்டிச் செலவைப் பண்ணைக்காரர்கள் தலையில் கட்டாதீர்கள். முழுத் தொகையையும் அரசு தரட்டும். கரஜாரி, நியங்குமார்டா பழங்குடி மக்கள் அந்த மண்ணை அறிந்தவர்கள், கண்காணிப்பை அவர்களுடைய வனக்காவலர்களிடம் சம்பளத்தோடு ஒப்படையுங்கள். அந்தப் பட்டையில் புதிய பாசனத் திட்டம் எதற்கும் அனுமதி தராதீர்கள், ஒரே ஒரு பாசன வயல் போதும், மற்ற அத்தனை வேலையும் வீணாகிவிடும். தெற்கே போகும் லாரிகளில் தேரை ஒளிந்து பயணிக்கும், அதற்கும் சோதனை வேண்டும்.

மழைக்காலத்தில் தேரை எங்கும் போகும், வறட்சியில்தான் தடுக்க முடியும். அடுத்த மழை தொடங்குவதற்குள் தொட்டிகள் நிற்க வேண்டும். வரும் பட்ஜெட்டிலேயே பணம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பெர்த்தில் வாழும் ஒரு தமிழர்