ஆறு ஊர், ஒன்பது ராத்திரி

புதுச்சேரி
பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய எக்செல் தாளை அச்செடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். செல்போனில் பார்த்தால் எனக்குப் பாதி தெரியவில்லை. ஜெராக்ஸ் கடைப் பையன் எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஐயா யூரோப் டூரா? இத்தனை ஊரா?" என்றான். அவன் கேட்டதையேதான் நானும் கேட்கப்போகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, பாக்கறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாரிஸ் இரண்டு ராத்திரி, பிரஸ்ஸல்ஸ் ஒன்று, ஆம்ஸ்டர்டாம் ஒன்று, லூசர்ன் இரண்டு, வெனிஸ் ஒன்று, ரோம் இரண்டு. முப்பது வருஷம் ஆபீசில் கணக்கு எழுதியவன் ஆயிற்றே, சும்மா இருக்க முடியவில்லை, பென்சிலை எடுத்துவிட்டேன். பிரஸ்ஸல்ஸிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு ரயில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருக்கிறாய். ரயில் அவ்வளவுதான். ஆனால் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, ஸ்டேஷனுக்குப் போய்க் காத்திருந்து, அந்தப் பக்கம் இறங்கி ஹோட்டலைக் கண்டுபிடித்து, "மூணு மணிக்குத்தான் ரூம்" என்று அவன் சொல்ல, பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வருவதற்குள் ஆறு மணி நேரம் போய்விடும். அந்தத் தாளில் இப்படி ஐந்து மாற்றம் இருக்கிறது. அதில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து லூசர்ன் போவது ஒன்றே ஒரு முழுப் பகலை விழுங்கும். ஒன்பது நாளில் மூன்று நாளுக்கு மேல் நீயும் உன் மகளும் பெட்டியோடுதான் இருப்பீர்கள்.

பிரான்ஸில் பெரியப்பா வீட்டில் தங்கியிருந்தபோது நானும் அம்மாவும் ஒரு பஸ் டூர் போனோமே, ஞாபகமிருக்கிறதா? ஏழு நாளில் ஐந்து நாடு. இன்று யாராவது பிரஸ்ஸல்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டால், ஒன்றுக்குப் போகும் சின்னப் பையன் சிலைதான் நினைவுக்கு வருகிறது. முழுசாக ஒன்றேகால் முழம்கூட இருக்காது அது. பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். அதில் பத்து நிமிஷம் உன் அம்மா நிஜமாகவே ஒன்றுக்குப் போக இடம் தேடி, ஐம்பது சென்ட் சில்லறைக்காக அலைந்தாள். மற்ற நாடுகளெல்லாம் பஸ் ஜன்னலில் ஓடிய மரங்கள்தான்.

அதைக்கூட விடு. 1995 மே மாதம் உனக்குப் பதினாலு வயது. காசி, ஆக்ரா, டில்லி, ஹரித்வார் எல்லாவற்றையும் ஆபீசில் தரும் எல்டிசி பயணச் சலுகை லீவில் முடித்துவிட வேண்டும் என்று நான் போட்ட அட்டவணை. எக்செல் கிடையாது, டைரியின் பின்பக்கம். முகல்சராய் பிளாட்பாரத்தில் டில்லி ரயில் நாலு மணி நேரம் லேட். நீ அந்தப் பச்சை டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாய். ரயில் வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நான் அதட்டினேன், அம்மா கெஞ்சினாள். நீ முகத்தைக்கூடத் திருப்பவில்லை. பெட்டியின் பூட்டைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். கடைசியில் போர்ட்டர் உன்னையும் சேர்த்துத் தூக்கி உள்ளே வைத்தார். காசியில் இன்னும் ஒரு நாள் படகில் போக வேண்டும் என்று நீ கேட்டதையும், நேரமில்லை என்று நான் சொன்னதையும் அம்மா பிறகுதான் நினைவுபடுத்தினாள். தாஜ்மகால் முன்னால் எடுத்த படத்தில் நீ மட்டும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஆல்பத்தில் இருக்கிறது, வரும்போது பார்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது குட்டி என்ன செய்தாள் தெரியுமா? நீ ஆரோவில் போகலாம் என்று நாலு தடவை கூப்பிட்டாய், அவள் வரவில்லை. "எப்பப் பாரு போன்" என்று உனக்குக் கோபம். நீ போன பிறகு அவள் போனைத் தொடவே இல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு ரோமன் ரோலண்ட் வீதிக்குப் போனாள். மஞ்சள் சுவர் வீடு ஒன்றின் எதிரே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, அந்த வீட்டின் ஜன்னலை வரைந்தாள். முழு ஜன்னல்கூட இல்லை, ஒரு கதவின் கீல் மட்டும். துரு எங்கெங்கே ஒழுகியிருக்கிறது, பெயிண்ட் எங்கே பொரிந்திருக்கிறது என்று இரண்டு மணி நேரம். எனக்கு முட்டி வலி, எழுந்து நடந்துவிட்டு வந்தேன். அவள் நகரவே இல்லை. அப்போது சொன்னாள்: "தாத்தா, அம்மா ஆறு ஊரு போட்டிருக்காங்க. எனக்கு ஒரு ஊர்ல இந்த மாதிரி உக்காந்தா போதும்." உன்னிடம் சொல்லச் சொன்னேன். "அம்மா பாவம், ஆசையா போட்டிருக்காங்க" என்றாள். இதை உன்னிடம் சொன்னதாக அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

சரி, என் கணக்கைச் சொல்கிறேன். பாரிஸ் ஐந்து ராத்திரி, ஆம்ஸ்டர்டாம் நாலு. அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து பாரிஸுக்கு ஏர் பிரான்ஸ் நேராகப் போகிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பெங்களூருக்கு கேஎல்எம் நேராக வருகிறது. இரண்டும் ஒரே குழுமம், ஒரே டிக்கெட்டில் போடலாம். ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறினால், இறங்கின இடத்துக்கே திரும்பி ஓடும் நாள் மிச்சம். நடுவில் ஒரே ஒரு ரயில். அதற்கு யூரெயில் பாஸ் (பல நாட்டு ரயிலுக்கும் சேர்த்து ஒரே சீட்டு) வேண்டாம். ஒரு பயணத்துக்கு டிக்கெட்டே மலிவு, அதையும் முன்கூட்டியே எடுத்தால். பாஸ் வாங்கினாலும் அந்த வேக ரயிலில் சீட்டுக்குத் தனிக் காசு கேட்பார்கள். லூசர்ன் மலையும் வெனிஸும் எங்கேயும் போய்விடாது.

விசாவுக்கும் இது நல்லது. ஷெங்கன் விசா என்பது இந்த நாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே விசா, அதை அதிக ராத்திரி தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். உன் தாளில் வெனிஸும் ரோமும் சேர்ந்து இத்தாலிக்குத்தான் அதிகம், மூன்று ராத்திரி. அப்படி இருந்தால் முதலில் இறங்கும் பிரான்ஸிடம் இல்லை, இத்தாலியிடம் போய் நிற்க வேண்டும். பாரிஸ் ஐந்து என்றால் பிரான்ஸ்தான், பேச்சே இல்லை. தலைக்கு 90 யூரோ. பன்னிரண்டு வயது தாண்டிவிட்டதால் குட்டிக்கும் முழுக் கட்டணம், கைரேகையும் உண்டு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது என்று சொன்னாய் அல்லவா, அப்படியானால் மகளை அழைத்துப்போகச் சம்மதம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், குட்டியின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் இப்போதே எடுத்து வை. ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள் போதும் என்று எழுதியிருப்பதை நம்பி ஏப்ரல் வரை தள்ளாதே.

இதைவிட முக்கியமானது ஒன்று. குட்டியின் பாஸ்போர்ட் சிங்கப்பூர் போக எடுத்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது. பிள்ளைகள் பாஸ்போர்ட் ஐந்து வருஷம்தான். அவளுக்கு இப்போது பதினைந்து. திரும்பி வரும் தேதிக்கு அப்புறமும் மூன்று மாதம் செல்ல வேண்டும். விமான டிக்கெட்டைத் தொடுவதற்கு முன்னால் பீரோவைத் திற.

தேதியையும் ஒரு வாரம் தள்ளு. நீ போட்டிருப்பது ஏப்ரல் 30 இறங்குவது. மறுநாள் மே 1. அன்று லூவ்ர் அருங்காட்சியகம் மூடியிருக்கும், கடை கண்ணியும் பாதி இருக்காது. லூவ்ருக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. குட்டிக்குப் பதினெட்டு ஆகவில்லை, நுழைவு இலவசம். உனக்கு, ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கென்று 2026 ஜனவரியிலிருந்து 32 யூரோ ஆக்கிவிட்டார்கள். கொடுக்கிற காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறேன் என்று ஓடாதே. அவளை ஒரே ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல். நோத்ர்தாம் கோயிலுக்கு டிக்கெட் இல்லை. 2019 தீ விபத்துக்கு அப்புறம் 2024 டிசம்பரில் திறந்தார்கள். கல் வெளுத்துப் புதுசாக இருக்கிறதாம். நான் பார்த்தது கரி படிந்த பழைய சுவர். ஈபிள் கோபுரத்து டிக்கெட்டுக்கு நம்ம யூபிஐ செல்லுமாம், உன் அம்மா அதைக் கேட்டுவிட்டுத் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குப் பயந்து ஆன் ஃபிராங்க் என்ற யூதப் பெண் ஒளிந்திருந்த வீடு. அதற்கு வாசலில் போய் நின்றால் டிக்கெட் கிடையாது, இணையத்தில் மட்டும்தான். ஆறு வாரம் தள்ளி வரும் நாட்களுக்குரியதை ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அங்கே காலை பத்து மணிக்கு விடுவார்கள். மார்ச் கடைசி ஞாயிறுக்கு அப்புறம் என்றால் நமக்கு மதியம் ஒன்றரை. ஆபீஸ் மீட்டிங் ஏதும் வைத்துக்கொள்ளாதே. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தாள் அந்தப் பெண். பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்கும் பதினைந்து வயது. குட்டியிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவளே அங்கே போய்ப் படித்துக்கொள்ளட்டும். அன்று மதியத்துக்கு வேறு எதையும் போடாதே.

டூலிப் தோட்டம் நீங்கள் போகும்போது மூடியிருக்கும், போகட்டும். அங்கே வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்தால் அவளுக்கு வரைய நூறு ஜன்னல் கிடைக்கும். நம்ம ஊருக்கும் அந்த ஊருக்கும் உறவு உண்டு தெரியுமா? 1693-ல் டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து, 1699-ல் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில், 1694-ல், அவர்கள் வரைந்த நகரப் படத்திலேயே கோடு போட்டது போன்ற நேர்த் தெருக்கள் இருக்கின்றன. எல்லோரும் பிரெஞ்சுக்காரன் போட்ட ஊர் என்கிறார்கள். வாய்க்கால் நம்மிடமும் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து வரையத்தான் மூக்கு ஒத்துக்கொள்ளாது.

தங்குவதற்குப் பெரியப்பா வீட்டைக் கணக்கில் எடுக்காதே. சொல்தா வீட்டு (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த குடும்பத்து) மாப்பிள்ளையாகப் போனவர், மனசு பெரிசு, "ஹோட்டலா? என் வீடு இருக்கும்போதா?" என்பார். ஆனால் அவர் வீட்டில் தங்குவதாக விசாவில் காட்டினால், அவர் அந்த ஊர் மேரிக்கு (நகராட்சி அலுவலகத்துக்கு) போய்க் காகிதம் வாங்கி அனுப்ப வேண்டும். முட்டி மாற்றுச் சிகிச்சை செய்தவரை அலைய விட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். லாச்சப்பல் பக்கம் கூட்டிக்கொண்டு போவார். தமிழ்க் கடைகள், தமிழ் போர்டுகள், மாணிக்க விநாயகர் கோயில் எல்லாம் அங்கேதான். குட்டிக்கு அங்கே இட்லி சாப்பிட விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதே.

கடைக்குள் நுழையும்போது 'போன்ஜூர்' சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஓட்டலில் பாட்டில் தண்ணீருக்குக் காசு. 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் சும்மா வரும், நல்ல தண்ணீர்தான். கார்டு மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவை அமுக்கு. மெட்ரோவில் கதவோரம் நின்றுகொண்டு குட்டி போனைப் பார்க்கக் கூடாது. கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். என் பர்ஸ் அப்படித்தான் போனது. ஒரு நாள் அரைப்பொழுது அவளிடம் வழியை விட்டுவிடு. எந்த லைன், எங்கே இறங்குவது எல்லாம் அவளே பார்க்கட்டும். தப்பான பக்கம் போனாலும் நீ வாயைத் திறக்காமல் கூடப் போ. உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அம்மா பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் செய்து தருவதாகச் சொல்கிறாள். நெய், பால்கோவா, கருவாடு எதுவும் பெட்டியில் வேண்டாம். பாலில் செய்தது, இறைச்சி இரண்டையும் அங்கே உள்ளே விடமாட்டார்கள். கருவாடு மீன்தானே என்று அவள் சண்டை போடுகிறாள். விமானத்தில் அந்த வாசனையோடு பத்து மணி நேரம் உட்காரப்போவது நீங்கள் இருவரும்தான், நான் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

பாஸ்போர்ட்டில் எந்தத் தேதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இன்று ராத்திரியே போன் பண்ணு. ஒன்பதரைக்கு மேல் என்றால் அம்மா போனுக்கு அடி, என்னுடையதைச் சார்ஜில் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
அப்பா