அப்பாவுக்கு, நார்மனிலிருந்து

நார்மன், ஓக்லஹோமா
10.6.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் ஏறிவிட்டது. காற்றுதான் ஓயவே மாட்டேன் என்கிறது. மண் மட்டும் நம் புதுக்கோட்டைச் செம்மண்தான். பாப்பாவின் கான்வாஸ் ஷூவைத் துவைக்கும்போதெல்லாம் உங்கள் கேன்வாஸ் ஞாபகம் வந்துவிடும்.

போனில் சொன்னால் பாதியில் விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். போன வியாழக்கிழமை இந்த ஊரே கொண்டாடியது. இங்குள்ள பல்கலைக்கழகத்துப் பெண்கள் சாஃப்ட்பால் அணி, தொடர்ந்து நாலாவது வருடமாகத் தேசியப் பட்டம் வாங்கியது. டெக்சாஸை வரிசையாக இரண்டு ஆட்டத்தில் வீழ்த்தினார்கள். தொடர்ந்து நாலு பட்டம் இதற்குமுன் எந்த அணியும் வாங்கியதில்லை. பயிற்சியாளர் பாட்டி காசோ (Patty Gasso) என்ற அம்மா. இது அவருக்கு எட்டாவது பட்டம்.

பேஸ்பால் மாதிரி ஒரு ஆட்டம் இது. பேரில்தான் சாஃப்ட், பந்து மெத்தென்று இருக்காது. கிரிக்கெட் பந்தைவிடப் பெரிது, பளீரென்ற மஞ்சள். கையைக் காற்றாலை மாதிரி ஒரு முழு வட்டம் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து விடுகிறார்கள். 43 அடிதான் தூரம். அடிக்கிறவள் யோசித்து முடிப்பதற்குள் பந்து கீப்பர் கையில்.

ஏப்ரலில் பாப்பாவோடு ஒரு ஆட்டத்துக்குப் போனேன். பக்கத்து இருக்கையில் எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி, மடியில் ஸ்கோர் நோட்டும் பென்சிலுமாக இருந்தார். மட்டையை வீசித் தவறவிட்டு அவுட்டானால் ஆங்கிலக் 'கே' எழுத்து. வீசாமலே நின்று அவுட்டானால் அதே 'கே', கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டு. பாப்பாவிடம் பென்சிலைக் கொடுத்து ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்னார். எனக்கு உங்கள் கோ-கோ நோட்டுதான் கண்ணில் நின்றது. யார் எத்தனை நிமிடம் பிடிபடாமல் ஓடினாள் என்று வினாடி முதற்கொண்டு எழுதி வைத்திருப்பீர்களே.

அந்தப் பயிற்சியாளர் அம்மாவின் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதும் அதனால்தான். கலிபோர்னியாவில் லாங் பீச் நகரத்தில் இரண்டு வருடப் படிப்புள்ள சின்னக் கல்லூரி ஒன்றில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், 1995 சீசனுக்கு இங்கே வந்தார். அப்போது அணிக்கென்று சொந்த மைதானம் கிடையாது. ஊர்ப் பொதுப் பூங்காவில்தான் ஆட்டம். பையன்கள் ஆடி முடித்த பிறகு கிடைத்த அரைமணி நேரத்தில், நீங்களே சுண்ணாம்புக் கோடு போட்டு எங்களை ஓட வைத்தது நினைவுக்கு வந்தது அப்பா. அவர் கதையைப் படித்ததும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

2000இல் முதல் பட்டம். அடுத்த பட்டத்துக்குப் பதின்மூன்று வருடம் காத்திருந்தார், 2013 வரை. எல்லோரும் எட்டுப் பட்டத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பதின்மூன்று வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வருவார்கள், பழகிய பிள்ளைகள் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், மறுபடி முதலிலிருந்து. இது உங்களுக்குத் தெரியாததா?

லாரன் சேம்பர்லைன் என்ற பெண் இவரிடம் ஆடி 95 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்துச் சாதனை வைத்தாள். அதை 2022இல் முறியடித்தவளும் இவர் வளர்த்த பிள்ளைதான். ஹவாய்த் தீவிலிருந்து வந்த ஜாஸ்லின் ஆலோ, 122இல் முடித்தாள். அந்த அம்மாவின் மகனே இப்போது அணிக்கு பேட்டிங் சொல்லிக்கொடுக்கிறார்.

இந்த மார்ச்சில்தான் புது மைதானம் திறந்தார்கள். 4,200 பேர் உட்காரலாம். அதுவரை தொடர்ச்சியாக 71 ஆட்டம் ஜெயித்திருந்தவர்கள், திறந்த அதே வாரக்கடைசியில் அங்கேயே லூசியானாவிடம் தோற்றார்கள். ஊரே சுருண்டுபோனது. மூன்று மாதத்தில் கோப்பை வந்துவிட்டது.

இதற்கெல்லாம் பின்னால் 1972இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. அரசுப் பணம் வாங்கும் எந்தப் பள்ளியும் கல்லூரியும் ஆண் பெண் பேதம் பார்க்கக்கூடாது என்கிறது, விளையாட்டிலும்தான். அதனால்தான் பெண்பிள்ளைகள் பந்து விளையாடி, உதவித்தொகையில் பட்டம் வாங்க முடிகிறது. நம் பள்ளியில் உங்களுக்குப் பின்னால் அப்படி ஒன்று நின்றிருந்தால், மாவட்டப் போட்டிக்குப் பஸ் காசு கேட்டு நீங்கள் அத்தனை வீட்டுப் படி ஏறியிருக்க வேண்டாம்.

பாப்பா கையுறை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள், வாங்கிக் கொடுத்துவிட்டேன். இரவில் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறாள்.

பரணில் இருக்கும் உங்கள் கோ-கோ நோட்டுகளை மழைக்கு முன்னால் தம்பியை விட்டு இறக்கி வையுங்கள். நாங்கள் உங்கள் அணிக்கு வந்த வருடப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஸ்கோர் நோட்டுப் பாட்டியிடம் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்பு மகள்,
செல்வி