பழவேற்காடு பக்கம் தகவல் தெரிஞ்சவங்க கவனத்துக்கு (5.12.2023)

எல்லாருக்கும் வணக்கம். மிக்ஜாம் புயல் இன்னைக்கு மத்தியானம் பாபட்லா பக்கம் கரை கடந்துடுச்சு, ஆனா நம்ம ஆளுங்க எப்படி இருக்காங்கன்னு இன்னும் ஒண்ணும் தெரியல. நாங்க ஆரம்பாக்கத்துல ஒரு ஸ்கூல்ல தங்கியிருக்கோம், அப்பா மட்டும் போட்டையும் வலையையும் விட்டுட்டு வரமாட்டேன்னு அங்கேயே நின்னுட்டாரு, ஞாயித்துக்கிழமை ராத்திரி பேசினதுதான், அப்புறம் ஸ்விட்ச் ஆஃப். அம்மா வீட்டுச் சாவிய முந்தானைல முடிஞ்சு வெச்சுக்கிட்டு அதுலேர்ந்து கைய எடுக்கவே இல்ல.

தடா, சூளூர்பேட்டைல இருக்கறவங்க யாராவது அந்தப் பக்கம் போனா, யாரைப் பாத்தீங்க, எத்தன மணிக்குன்னு குரூப்ல போடுங்க. டவர் சரியா இல்ல, கால் பண்றதவிட எஸ்எம்எஸ் போடுங்க, சார்ஜும் மிச்சமாகும். தயவுசெஞ்சு பழைய வெள்ள வீடியோ அனுப்பாதீங்க, போன் சத்தம் கேட்டாலே அம்மா எழுந்து ஓடி வராங்க. அவசரம்னா மாவட்ட கன்ட்ரோல் ரூம் 1077.